மகாபொலவா, இந்தியாவா, கட்டணக் கழிவா, கடனா: உயர்தரத்துக்குப் பிறகு கொழும்புப் பிள்ளைகளுக்கான ஒப்பீடு

கொழும்பு மாவட்டத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியவர்களுக்கு அரச பல்கலைக்கழக வாசல் சற்று ஒடுக்கம். கலைத்துறை போன்ற சில பாடநெறிகள் நீங்கலாக, இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பின்தங்கிய பட்டியலில் கொழும்பு இல்லை. மன்னாரிலோ நுவரெலியாவிலோ பொறியியலுக்குப் போதுமான இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளைக்குப் பல வருடங்களில் போதாமல் போகிறது. மாவட்டம் தீர்மானிக்கப்படுவது வீட்டு முகவரியை வைத்து அல்ல, உயர்தரத்துக்கு முந்தைய மூன்று வருடமும் படித்த பாடசாலையை வைத்து. கடைசி நேரத்தில் பதிவை மாற்றி ஆவது ஒன்றுமில்லை.

அதனால்தான் நல்ல பெறுபேறோடு புலமைப்பரிசில் தேடி அலையும் குடும்பங்கள் கொழும்பில் அதிகம். தேடும்போது வரும் குழப்பம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருப்பது. மாதம் சில ஆயிரம் ரூபா தரும் உதவித்தொகையும் புலமைப்பரிசில், நான்கு வருடச் செலவையும் ஏற்கும் திட்டமும் புலமைப்பரிசில், தனியார் கேம்பஸ் கட்டணத்தில் குறைக்கும் கால்வாசிக் கழிவும் புலமைப்பரிசில். எதை ஒப்பிட்டாலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அந்தப் பணம் போக வீட்டிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், பணம் எப்போது கைக்கு வரும், பதிலுக்கு உங்களை எதில் கட்டிப்போடுகிறது. கீழே உள்ளதெல்லாம் இந்த மூன்றின்படிதான்.

மகாபொலவும் பர்சரியும்

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதேயில்லை. உண்மையான பெரிய உதவி இதுதான்; மகாபொல என்ற மாத உதவித்தொகை அதற்கு மேலே வரும் கைச்செலவு.

மகாபொல நிதியம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் லலித் அத்துலத்முதலி காலத்தில் உருவானது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பல்கலைக்கழகங்கள் ஊடாக வரும் பர்சரி என்ற உதவித்தொகை 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. பிந்திய திருத்தங்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குப் பத்துத் தவணைதான், பன்னிரண்டு அல்ல. ஆக 7,500 வீதம் வருடத்துக்கு 75,000. மகாபொல கிடைத்தவருக்குப் பர்சரி கிடையாது. மகாபொலவில் ஒரு சிறு பகுதி இசட் புள்ளித் திறமைக்கு, மிகுதி குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. வகுப்பு வரவு குறைந்தாலோ பரீட்சையில் பின்தங்கினாலோ தவணை நிற்கும்.

கொழும்பு, மொரட்டுவை, களனி, ஜயவர்தனபுர என்று வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இடம் கிடைத்தால் இந்தப் பணம் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் கட்டுப்படியாகும். யாழ்ப்பாணமோ பேராதனையோ ஒலுவிலோ என்றால் ஹொஸ்டல் இருந்தாலும் வீட்டிலிருந்து மாதாமாதம் ஏதாவது போகத்தான் வேண்டும். முதல் தவணைப் பணம், வகுப்புத் தொடங்கிய மாதமே வராது. முதல் அரையாண்டை மகாபொல இல்லாமல் சமாளிக்கும் கணக்கோடு போங்கள்.

வருமானச் சான்றிதழில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிராம உத்தியோகத்தர் ஒப்பமிட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார், பொதுமக்கள் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சொந்தக் கடை வைத்திருக்கும் அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வியாபாரப் பதிவுப் பிரதியைக் கையோடு கொண்டுபோனால் கேள்வி குறையும். வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லும் அறிவுரைகளுக்குப் பஞ்சமிருக்காது. பின்னால் சரிபார்க்கும்போது சிக்கினால் வாங்கியதையும் திருப்பிக் கட்ட நேரலாம்.

மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் படிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக 1940களிலிருந்து இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்தரத்துக்கும் உள்நாட்டுப் பல்கலைக்கழகப் படிப்புக்கும் உதவுகிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். தொகை பெரிதல்ல. ஆனாலும் தகுதியுள்ள பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது.

இந்திய அரசின் புலமைப்பரிசில்

அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காத, ஆனால் பெறுபேறு நன்றாக உள்ள தமிழ்ப் பிள்ளைக்கு எங்கள் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். வருடத்துக்குச் சுமார் 200 இடங்கள் இலங்கைக்கு ஒதுக்கப்படுகின்றன. முதல் பட்டத்துக்கு நேரு ஞாபகார்த்தத் திட்டம்: பொறியியல், விஞ்ஞானம், வர்த்தகம், பொருளியல், கலை என்று பரந்தது. தகவல் தொழில்நுட்பத்தில் முதல் பட்டத்துக்கு ராஜீவ் காந்தி திட்டம். முதுகலைக்கு மௌலானா ஆசாத். மருத்துவம், துணை மருத்துவம், சட்டம், ஃபேஷன் டிசைன் ஆகியவை நேரு திட்டத்தில் இல்லை. மருத்துவக் கனவோடு இந்தப் படிவத்தை நிரப்புவது வீண்.

முழுக் கற்பித்தல் கட்டணம், மாதக் கொடுப்பனவு, தங்குமிடப் படி, புத்தகத்துக்கு வருடாந்தத் தொகை ஆகியவற்றோடு இலங்கை மாணவர்களுக்கு விமானக் கட்டணமும் சேர்கிறது. முதல் பட்ட மாணவருக்கு மாதம் 18,000 இந்திய ரூபா, தங்குமிடத்துக்குப் பெருநகரங்களில் 6,500, மற்ற ஊர்களில் 5,500. ஹொஸ்டலில் இருந்து சிக்கனமாக நடப்பவருக்கு வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிருக்காது. வெளிநாட்டுப் படிப்பில் இந்த நிலைமை அபூர்வம்.

விண்ணப்பம் ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் பேரவை) நிறுவனத்தின் ஏ-டு-ஏ (A2A) இணையத்தளத்தில். காலி வீதியில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் தளத்திலும் கல்வி அமைச்சின் தளத்திலும் அறிவிப்பு வரும். அந்த வருடத்துக்கான நிபந்தனைகளை அங்கேதான் வாசிக்க வேண்டும். தளத்தில் திட்டத்தின் பெயரைச் சரியாகத் தெரிவு செய்வது முதல் வேலை. அங்கே உலகம் முழுவதுக்குமான திட்டங்கள் வரிசையாக இருக்கும். இலங்கைக்குரியதை விட்டு வேறொன்றைத் தெரிவு செய்தால் மீதி எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பிறகு ஐந்து பல்கலைக்கழகங்கள் வரை விருப்ப வரிசையில் கொடுக்கலாம். சுமார் 500 சொல்லில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றும் எழுத வேண்டும்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் அடிபடுவது அந்த ஐந்து தெரிவில். சென்னை, டெல்லி, பெங்களூர் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்களையே ஐந்திலும் போடுவார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விண்ணப்பத்தைத் தனித்தனியாகப் பார்த்துச் சம்மதமோ மறுப்போ சொல்கிறது. ஐந்தும் நிறைந்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு பெரிய பெயர், இரண்டு நடுத்தரம், ஒன்று கூட்டம் குறைந்த மாநிலத்தில் என்று பிரித்துப் போடுவது புத்தி. அடுத்தது பாடப் பொருத்தம். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். உயிரியல் பிரிவில் படித்தவர் கணினிப் பொறியியல் கேட்டால் கணிதம் இல்லை என்று திரும்பும். அவருக்கு உயிர்த்தொழில்நுட்பமோ நுண்ணுயிரியலோ பொருந்தும். உயர்தரப் பொது ஆங்கிலப் பெறுபேறும் தெரியும்படி சான்றிதழை ஏற்றுங்கள்.

கட்டுரையில் இந்தியாவின் பெருமையை மட்டும் பாடி அனுப்புகிறார்கள். வாசிப்பவருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் ஏன் அந்தப் பாடத்தை எடுக்கிறீர்கள், பள்ளியில் அதற்காக என்ன செய்தீர்கள், படித்துவிட்டு எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதுதான். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கட்டுரையைப் பிரதி பண்ணுவது அதைவிட மோசம், ஏனென்றால் அதே மாதிரியை வேறு பலரும் எடுத்திருப்பார்கள்.

காலக்கணக்கு இறுக்கமானது. இந்தியாவில் கல்வியாண்டு ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும். நம் உயர்தரப் பெறுபேறு அண்மைய வருடங்களில் ஏப்ரல், மே வாக்கில் வந்திருக்கிறது. பெறுபேறு வந்த பிறகு கடவுச்சீட்டுக்கு ஓடுகிறவர் அந்த வருடத்தைத் தவறவிடுவார். போனவர்களும் முதல் கொடுப்பனவு உடனே வரும் என்று நம்பிப் போகக் கூடாது. வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு, பிறகு வங்கிக் கணக்கு, பிறகுதான் பணம். இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் கையில் இருக்க வேண்டும். இடையில் பாடத்தை மாற்ற முடியாது என்ற கட்டும் உண்டு. பிடிக்காத பாடத்தை “கிடைத்ததே போதும்” என்று எடுத்தால் மூன்று நான்கு வருடம் அதோடுதான்.

பட்டத்தின் நீளத்தையும் பாருங்கள். இந்தியாவில் கலை, விஞ்ஞானம், வர்த்தகத்தில் மூன்று வருடப் பட்டம் வழக்கம். 2020 கல்விக் கொள்கைக்குப் பிறகு நான்கு வருட ஹானர்ஸ் தெரிவும் வந்திருக்கிறது. மூன்று வருடப் பட்டம் இங்கே பெரும்பாலும் பொதுப் பட்டத்துக்கு நிகராகவே பார்க்கப்படும். நான்கு வருடம் தரும் இடம் இருந்தால் அதை மேலே போடுங்கள்.

ஜப்பான், சீனா

ஜப்பானிய அரசின் கல்வி அமைச்சு தரும் மெக்ஸ்ட் (MEXT) புலமைப்பரிசில் தரத்திலும் தொகையிலும் இவற்றில் மேலானது. கட்டணம் இல்லை, விமானச் சீட்டு உண்டு, மாதம் 117,000 யென். முதல் வருடம் முழுக்க ஜப்பானிய மொழி, பிறகு நான்கு வருடப் பட்டம், ஆக ஐந்து வருடம். கொழும்பிலுள்ள தூதரகம் நடத்தும் எழுத்துப் பரீட்சையில் கணிதமும் ஆங்கிலமும் உண்டு, விஞ்ஞானப் பிரிவுக்கு இரசாயனவியலும் பௌதிகவியலோ உயிரியலோ சேரும். இடங்கள் மிகக் குறைவு. கணிதத்தில் திடமுள்ள பிள்ளை எழுதிப் பார்க்கட்டும், ஆனால் இதை மட்டும் நம்பி மற்றதை விட வேண்டாம்.

சீன அரசின் திட்டத்தில் கட்டணமும் தங்குமிடமும் மருத்துவக் காப்புறுதியும் சேரும். முதல் பட்டத்துக்கு மாதம் 2,500 யுவான். முதல் பட்டப் படிப்பு பெரும்பாலும் சீன மொழியில், அதற்கு முன் ஒரு வருட மொழிப் பயிற்சி. விண்ணப்பிக்க 25 வயதுக்குள் இருக்க வேண்டும். உடற்தகுதிப் படிவம் ஆறு மாதம்தான் செல்லும், அதனால் அதை முந்திக்கொண்டு எடுத்து வைக்காதீர்கள். இணையப் படிவத்தில் விண்ணப்பத்தைப் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் இலக்கத்தைத் தவறாகப் போட்டால் விண்ணப்பம் யாருடைய மேசைக்கும் போகாது. மொழி கற்கத் தயங்காதவருக்கு நல்ல வழி. ஆங்கிலத்திலேயே படிக்கலாம் என்று ஏஜென்சிகள் காட்டுவது பெரும்பாலும் வேறு திட்டம். அதில் மீதிக் கட்டணம் உங்களுடையது.

பிரித்தானியாவின் செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட், பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள் எல்லாம் பட்டத்துக்குப் பிந்தியவை. செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். உயர்தரப் பெறுபேற்றோடு அவற்றின் பின்னால் போய் நேரத்தை விடாதீர்கள்.

கேம்பஸ் கழிவும் வட்டியில்லாக் கடனும்

தனியார் நிறுவனத்தின் கட்டணக் கழிவை அரசுக் கடனோடு ஒப்பிடும்போது பெரும்பாலான வீடுகள் “கழிவு இலவசம், கடன் சுமை” என்று உடனே முடிவெடுத்துவிடுகின்றன. கணக்குப் போட்டால் எப்போதும் அப்படி வராது.

கழிவில் முதலில் கேட்க வேண்டியது: எந்தத் தொகையில் கழிவு? கற்பித்தல் கட்டணத்தில் மட்டுமா, பதிவு, பரீட்சை, ஆய்வுகூடக் கட்டணங்களிலுமா? நான்கு வருடத்துக்குமா, முதல் வருடத்துக்கு மட்டுமா? தொடர்ந்து கிடைக்க எந்தச் சராசரிப் புள்ளி வேண்டும், ஒரு செமஸ்டரில் தவறினால் மீண்டும் கிடைக்குமா? பட்டம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது என்றால் அதன் கட்டணம் ரூபாவிலா, பவுணிலா? 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. வெளிநாட்டு நாணயத்தில் ஒப்பந்தம் வைத்திருந்தவர்களின் கழிவு அந்த ஏற்றத்துக்குள் காணாமல் போயிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பதில் அனுமதிக் கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கேம்பஸ் கவுன்சிலர் வாயால் சொன்னது போதாது.

வட்டியில்லா மாணவர் கடன் 2017இல் தொடங்கியது. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்து அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்கள், அங்கீகரிக்கப்பட்ட அரச சாரா நிறுவனங்களில் குறிப்பிட்ட பட்டங்களுக்கு இதைப் பெறலாம். வட்டியை அரசு வங்கிக்குச் செலுத்துகிறது. படிப்பு முடிந்து சலுகைக் காலம் கழிந்துதான் தவணை தொடங்கும். நிறுவனப் பட்டியலும் கடன் உச்சவரம்பும் ஒவ்வொரு தொகுதிக்கும் மாறும்.

எடுத்துக்காட்டாக நான்கு வருடக் கட்டணம் 16 லட்சம் என்று வையுங்கள். கால்வாசிக் கழிவு கிடைத்தால் 12 லட்சம் கட்ட வேண்டும், வருடத்துக்கு 3 லட்சம், அதுவும் படிக்கும்போதே. கடன் 10 லட்சம் கிடைத்தால் இப்போது கட்டுவது 6 லட்சம், வருடத்துக்கு ஒன்றரை லட்சம். மீதியை எட்டு வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 10,400, வேலைக்குப் போன பிறகு. மொத்தத்தில் கடன்காரர் 4 லட்சம் அதிகம் கட்டுகிறார், ஆனால் வட்டியில்லாமல் வருடங்கள் கழித்துக் கட்டுகிறார். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. அப்படியொரு காலத்தில் வட்டியில்லாப் பழைய கடன் தானாகவே இளைக்கும். மாதச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு, படிக்கும் காலத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்பதுதான் கழுத்தைப் பிடிக்கும் கேள்வி. அந்த வீட்டுக்குக் கடனே மேல். சேமிப்புள்ள வீட்டுக்குக் கழிவு மேல். இரண்டையும் சேர்த்துத் தருகிறார்களா என்றும் கேளுங்கள். சில இடங்களில் ஒன்றுதான்.

கடனில் சிக்கும் இடம் பிணையாளி. ஒரு கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், சம்பளச் சீட்டைக் கேட்டதும் ஆள் இருக்கமாட்டார். விண்ணப்பிக்கும் முன்பே சித்தப்பாவோ மாமாவோ யாரென்று முடிவு செய்து, அவருடைய வேறு கடன்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். படிப்பை இடையில் விட்டாலும் எடுத்த கடனைக் கட்டியே ஆக வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆவணங்கள்: பெயர்தான் வில்லங்கம்

எந்த வழி என்றாலும் பெறுபேறு வருவதற்கு முன்பே செய்து முடிக்கக்கூடியது இது. தமிழ்ப் பெயர்களுக்கு வரும் சிக்கல் தெரிந்ததே. பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயர், உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக. ‘ஜெயந்தி’ ஆங்கிலத்தில் ஒரு ஆவணத்தில் Jeyanthi என்றும் இன்னொன்றில் Jayanthi என்றும் இருக்கும். இணையப் படிவம் கடவுச்சீட்டுப் பெயரைக் கேட்கும், சான்றிதழ் வேறு சொல்லும், சரிபார்ப்பவர் ஒதுக்கி வைத்துவிடுவார்.

ஆகவே முதலில் கடவுச்சீட்டு. அதன் பிரதியோடு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போய், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அதே எழுத்துக்கூட்டலைப் போடச் சொல்லுங்கள். மொழிபெயர்த்த பிறகு சொன்னால் மீண்டும் காசு. அதற்கு மேலும் வித்தியாசம் இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி. வெளிநாட்டுக்குப் போகும் உயர்தரச் சான்றிதழ் பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தினுடையதாக இருக்க வேண்டும். இணையத்தில் அச்செடுத்த பெறுபேற்றுத் தாளை ஏற்கமாட்டார்கள். சான்றுறுதி கேட்டால் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு பத்தரமுல்லை சுஹுருபாயவில். கடவுச்சீட்டு அலுவலகமும் அதே கட்டடம் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் திட்டமிடலாம்.

கொமியூனிகேஷன் கடையில் படிவம் நிரப்பக் கொடுப்பவர்கள் கவனிக்க: கடைக்காரர் அவசரத்தில் தன் மின்னஞ்சலையும் தன் கைபேசி இலக்கத்தையும் போட்டுவிடுவார். பிறகு வரும் ஓ.டி.பி., நேர்முகத் தேர்வு அழைப்பு, ஏற்றுக்கொள்ளச் சொல்லும் கடைசித் திகதி எல்லாம் அவருக்கே போகும். மின்னஞ்சலைப் பிள்ளையே திறந்து, பாஸ்வேர்டை எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்.

எந்த வெளிநாட்டுப் பட்டமானாலும் கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கிறதா என்று பாருங்கள். பொறியியல் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம், மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபை. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரி திரும்பி வந்து, மருத்துவராகப் பதிவு பெறுவதற்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் எழுத வேண்டும். “நூறு வீதப் புலமைப்பரிசில்” என்று விளம்பரம் செய்து சேவைக் கட்டணம் கேட்பவரிடம், புலமைப்பரிசில் தருவது எந்த அரசு, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். இந்திய அரசின் திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது.

யாருக்கு எது

மருத்துவம், பொறியியல் போன்ற தொழில்சார் படிப்புக்கு இங்கே இடம் கிடைத்தால் அதையே எடுங்கள். மகாபொல வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு அதற்குத்தான் சாதகம். கேட்காத பாடம் கிடைத்தவர் அதை இந்தியாவில் விரும்பிய பாடத்தோடு எடைபோடலாம். அரச பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வரும்வரை பொறுத்திருந்து பிறகு யோசிப்போம் என்பதுதான் ஆபத்து, ஏனென்றால் வெட்டுப்புள்ளி பெறுபேறு வந்து மாதங்கள் கழித்தே வரும், அதற்குள் வெளிநாட்டு விண்ணப்பங்கள் மூடிவிடும். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தையும் இந்திய விண்ணப்பத்தையும் ஒரே காலத்தில் போடுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர் தகுதியற்றவர் என்று அந்த வருட அறிவிப்பில் நிபந்தனை உண்டா என்று மட்டும் பதிவுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் தனியார் கேம்பஸிலிருந்து அழைப்பு வரும்: இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதிந்தால்தான் கழிவு என்று. இந்திய முடிவு ஜூன், ஜூலைக்கு இழுக்கலாம். திகதியை நீட்டித் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள், ஆள் சேர்க்கும் காலத்தில் பல இடங்கள் நீட்டித் தருகின்றன. முடியாது என்றால் பதிவுக் கட்டணத்தோடு நிறுத்துங்கள், செமஸ்டர் கட்டணத்தைக் கட்டாதீர்கள். பதிவுக் கட்டணத்தைக் கொடுக்கும் முன், அது திருப்பித் தரப்படுமா, எந்தத் திகதி வரை என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.